லாபக் கணக்கில் எழுதப்படாத செலவு

பள்ளிக்கூடத்திலேயே தொழில் தொடங்கக் கற்றுத்தரும் திட்டங்கள் நாடெங்கும் பெருகிவருகின்றன. விற்கப் பழகும் மாணவர், விற்ற பொருளின் முழு அடக்க விலையையும் எழுதப் பழகுகிறாரா?

டெல்லியின் தியாகராஜ் விளையாட்டரங்கத்தில் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரிசையாகப் போடப்பட்டிருந்த 126 கடைகளுக்குப் பின்னால் நின்றவர்கள் வணிகர்கள் அல்லர். அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். தாங்கள் உருவாக்கிய பொருளைக் கையில் எடுத்துக்காட்டி, அதைச் செய்ய என்ன செலவாகிறது, என்ன விலைக்கு விற்கிறது, மேலும் முதல் கிடைத்தால் உற்பத்தியை எவ்வளவு பெருக்கலாம் என்று, எதிரே நின்ற முதலீட்டாளர்களுக்கு அவர்கள் விளக்கிக்கொண்டிருந்தனர். கேட்டவர்களில் பலர் அந்த மாணவர்களின் பெற்றோரைவிட வயதில் மூத்தவர்கள். கேள்விகளோ வங்கி மேலாளரின் மேசைக்கு முன்னால் கேட்கப்படும் கேள்விகள்.

இந்தக் காட்சிக்குப் பின்னணியாக அமைந்தது, டெல்லி அரசு 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவந்த தொழில்முனைவு மனப்பாங்குப் பாடத்திட்டம். தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத அந்த வகுப்பின் செய்முறைப் பகுதியாக, 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்ற பெயரில் 2021 செப்டம்பரில் டெல்லி முழுவதும் விரிவாக்கப்பட்ட திட்டத்தில், மாணவர் ஒருவருக்கு 2,000 ரூபாய் தொடக்க முதலாகத் தரப்பட்டது. சுமார் 3 லட்சம் மாணவர்கள் 51,000 குழுக்களாகப் பிரிந்து சிறுதொழில்களைத் தொடங்கினர். இதற்காக 60 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தேர்ந்த குழுக்கள் தொலைக்காட்சியில் தோன்றின. 2025இல் ஆட்சி மாறியதும் திட்டத்தின் பெயர் மாறியது. 'நீவ்' என்ற புதிய திட்டம் அதன் இடத்துக்கு வந்தது. பள்ளியில் தொழில்முனைவைக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்தைக் கட்சிகள் எவையும் கைவிடவில்லை என்பதையே இந்தப் பெயர்மாற்றம் காட்டுகிறது.

தமிழ்நாட்டிலும் இதற்கிணையான முயற்சி நடக்கிறது. தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக் கல்வித் துறையுடனும் யுனிசெப் அமைப்புடனும் சேர்ந்து நடத்தும் பள்ளி புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தில், மாணவர்கள் தங்கள் ஊரின் சிக்கல் ஒன்றைக் கண்டறிந்து அதற்குத் தீர்வாக ஒரு மாதிரியை உருவாக்குகின்றனர். டெல்லியின் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' திட்டம் விற்பனையிலிருந்து தொடங்கியது. தமிழ்நாட்டுத் திட்டம் ஊரின் சிக்கலிலிருந்து தொடங்குகிறது. இந்த வேறுபாடு தற்செயலானதாக இருக்கலாம். எனினும், பள்ளியையும் தொழிலையும் ஒரே வாக்கியத்தில் சேர்ப்பதற்கு இம்மாநிலத்தில் இருக்கும் தயக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

பழைய காயம்

1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பு, வேளாண்மை போன்ற கைத்தொழில் ஒன்றை மையமாக வைத்தே மற்றப் பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்றது. மாணவர் செய்யும் பொருள்களின் விற்பனை ஆசிரியரின் ஊதியத்துக்குக் கைகொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் அடங்கியிருந்தது. பொருளியலாளர் கே.டி. ஷா அந்த மாநாட்டிலேயே இதை மறுத்துப் பேசினார். பள்ளி தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்று வந்துவிட்டால், குழந்தையின் உழைப்பே பள்ளியின் வருமானமாகிவிடும் என்பது அவருடைய கவலை. திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவும், பொருளாதார நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடக்கூடும் என்று தன் அறிக்கையிலேயே எச்சரித்திருந்தது.

அந்த அச்சத்துக்குச் சென்னை மாநிலத்தில் வேறொரு கூர்மை ஏற்பட்டது. முதலமைச்சர் இராஜாஜி 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், ஊர்ப்புறப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. சலவைத் தொழிலாளியின் மகன் மீண்டும் சலவைக் கல்லுக்கே அனுப்பப்படுகிறான் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் திரும்பப் பெறப்பட்டது.

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெயர் அரசியல் வழக்கிலிருந்து மறையவில்லை. 2023இல் ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்காகத் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலை அடிப்படையாகக் கொண்டிருப்பதைச் சுட்டி, அதைத் தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது. 2025 ஏப்ரலில் அதற்கு மாற்றாகத் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கி, பயன் பெறுவோரின் குறைந்தபட்ச வயதை 35 என வைத்தது. உயர்கல்விக்குப் போகும் வயதில் எந்தப் பிள்ளையும் தொழிலுக்குத் திருப்பிவிடப்படக் கூடாது என்பதே அந்த எண்ணுக்குப் பின்னுள்ள காரணம்.

ஆகவே, இன்றைய தொழில்முனைவுக் கல்வியை அளக்கத் தமிழ்நாட்டில் முதலில் கேட்கப்பட வேண்டியது, அது பிள்ளையின் முன்னுள்ள வாய்ப்புகளை விரிக்கிறதா, சுருக்குகிறதா என்பதுதான். தச்சரின் மகள் மரப்பொம்மை விற்கக் கற்பதும், மருத்துவரின் மகன் செயலி ஒன்றை விற்கக் கற்பதும் ஒரே வகுப்பில் நடந்தாலும் ஒரே கல்வியாக அமைந்துவிடுவதில்லை. பிறந்த வீட்டின் தொழிலிலிருந்து விலகிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அங்கு எல்லோருக்கும் கிடைக்கிறதா என்பதைத் திட்ட அறிக்கைகள் பேசுவதில்லை.

பெட்டிச் செய்தி: குமரப்பாவின் தேனீ

தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, தணிக்கையாளராகப் பயின்று, பின்னர் காந்தியின் கிராமத் தொழில் இயக்கத்துக்குப் பொருளியல் அடித்தளம் அமைத்த ஜே.சி. குமரப்பா, சிறையில் இருந்தபோது எழுதிய 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற ஆங்கில நூலில் பொருளாதாரங்களை ஐந்து வகையாகப் பிரித்தார். இரையைக் கொன்று வாழும் புலியின் வழி முதலாவது. தோப்பை உண்டாக்குவதில் பங்கில்லாமல் பழத்தை மட்டும் பறிக்கும் குரங்கின் வழி இரண்டாவது. பூவிலிருந்து தேனெடுக்கும்போதே அந்தப் பூ காய்க்கவும் துணைசெய்யும் தேனீயின் வழி மூன்றாவது. இதற்கு அவர் இட்ட பெயர்தான் தொழில்முனைவுப் பொருளாதாரம். தனக்கென்றில்லாமல் கூட்டத்துக்காக உழைப்பது நான்காவது, பயன் கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவையின் தொண்டு ஐந்தாவது. ஐக்கிய நாடுகள் அவையின் பிரண்ட்லாண்ட் குழு, வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குக் குந்தகம் நேராமல் நிகழ்காலத் தேவைகளை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி என்று வரையறுத்த 1987ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, எடுத்ததற்கு ஈடாகத் திருப்பித் தருவதே முனைவு என்று ஒரு தமிழர் எழுதியிருக்கிறார். பள்ளிப் பாடத்திட்டங்களில் அவர் பெயர் இடம்பெறுவது அரிது.

எலுமிச்சைச் சாற்றின் அடக்க விலை

பள்ளிச் சந்தை நாளொன்றில் வழக்கமாகக் காணப்படும் கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நான்கு மாணவர் சேர்ந்து 100 குவளை எலுமிச்சைச் சாற்றைக் குவளை 15 ரூபாய்க்கு விற்கின்றனர். வரவு 1,500 ரூபாய். பழம், சர்க்கரை, ஐஸ், காகிதக் குவளை எல்லாம் சேர்த்துச் செலவு 700 ரூபாய். எஞ்சிய 800 ரூபாயைக் கரும்பலகையில் லாபம் என்று எழுதுகின்றனர், கைதட்டல் எழுகிறது, பாடம் முடிந்துவிடுகிறது. உண்மையில் பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

காலையில் பழம் பிழிந்து கொடுத்த அம்மாவின் இரண்டு மணி நேரம் அந்தக் கணக்கில் இல்லை. நான்கு மாணவரின் மும்மூன்று மணி நேரமும் இல்லை. அம்மாவின் மணி நேரத்துக்கு 60 ரூபாயும் மாணவரின் மணி நேரத்துக்கு 40 ரூபாயும் என மிகக் குறைவாகவே மதிப்பிட்டாலும் 600 ரூபாய் செலவுப் பக்கத்தில் ஏறுகிறது. லாபம் 200 ஆகிறது. பள்ளி இலவசமாகத் தந்த மேசைக்கும் தண்ணீருக்கும் மதிப்புப் போட்டால் அந்த 200 ரூபாயும் நிற்குமா என்பது ஐயம். வீட்டுப் பெண்களின் கூலியில்லா உழைப்பே பல சிறுதொழில்களின் மறைமுதலாக இருக்கிறது என்ற உண்மையை, பொருளியல் பாடநூலின் ஓர் அத்தியாயத்தைவிடத் தெளிவாக இந்த ஒற்றை வரி மாணவருக்குச் சொல்லிவிடும்.

அடுத்து வருவது குவளை. காகிதக் குவளை என்று சொல்லப்பட்டாலும், சாறு கசியாதிருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது காகிதத்தைப் போல மட்குவதில்லை. மறுசுழற்சிக்கு அனுப்பவும் பூச்சைப் பிரித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் ஒன்று. 'மீண்டும் மஞ்சப்பை' பதாகை தொங்கும் அதே பள்ளி வளாகத்தில், சட்டம் விலக்கிய குவளையில் ஊற்றி விற்றதற்குப் பரிசு கிடைப்பது புதுமையன்று. சந்தை முடிந்தபின் அந்த 100 குவளைகளைப் பொறுக்கி எடுப்பவர் தூய்மைப் பணியாளர். கொண்டுபோய்க் கொட்டும் செலவு உள்ளாட்சி அமைப்பினுடையது. ஒரு தொழிலின் செலவு, அதில் பங்கில்லாத வேறொருவரின் தலையில் விழுவதைப் பொருளியலில் புறச்செலவு என்பர். நீடித்த தொழில் என்பது இந்தப் புறச்செலவைத் தன் பேரேட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் நிலைத்து நிற்கும் தொழில்.

மாற்றாக, 40 ரூபாய் விலையில் 25 எவர்சில்வர் டம்ளர்களை வாங்கிக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தினால் என்னவாகும்? முதல் செலவு 1,000 ரூபாய். காகிதக் குவளையோ நூற்றுக்கு 100 ரூபாயில் கிடைக்கிறது. ஒருநாள் சந்தையில் டம்ளர் வாங்கிய குழு நட்டமடையும். குப்பையை உண்டாக்கிய குழு வெற்றி பெறும். அதே சந்தை ஆண்டில் இருபது முறை நடந்தால் காகிதக் குவளைக்கு 2,000 ரூபாய் போயிருக்கும். டம்ளரோ பத்தாவது சந்தையிலேயே தன் விலையை ஈட்டி, கழுவும் நீரும் கழுவுபவரின் கூலியும் மட்டும் எஞ்சியிருக்கும். நீண்டகாலம் உழைக்கும் பொருளின் விலையை அது உழைக்கும் காலம் முழுவதற்கும் பகிர்ந்து எழுதும் முறைக்குத் தேய்மானம் என்று பெயர். அந்த ஒரு கருத்தைக் கற்காமல், நீடித்த தேர்வு எப்போதும் விலையுயர்ந்தது என்ற தவறான முடிவோடுதான் மாணவர் வீடு திரும்புவார். சந்தையை ஒரே நாளில் நடத்துவது என்ற ஏற்பாடே, சொல்லாமல், இந்தத் தவறான பாடத்தைக் கற்பித்துவிடுகிறது.

இரண்டு வகுப்புகள், ஒரு சுவர்

பள்ளிகள் சுற்றுச்சூழலைப் பேசாமலில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையைத் தொடர்ந்து சுற்றுச்சூழல் கல்வி நாடெங்கும் பாடமாயிற்று. ஆனால், அது தனிப் பாடமாகவும் தொழில்முனைவு தனிப் பயிற்சியாகவும் நின்றுவிட்டதால், ஒன்றில் மரம் நடுவதும் மற்றொன்றில் பொருள் விற்பதும் ஒரே பிள்ளையின் மனத்தில் சந்திப்பதே இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 2015இல் வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளிலேயே தொழில்முனைவுத் திறன் 4.4ஆம் இலக்காகவும் நீடித்த வளர்ச்சிக்கான கல்வி 4.7ஆம் இலக்காகவும் பிரிந்து நிற்கின்றன.

அந்தச் சுவரை உடைக்கத் தமிழ்நாட்டு ஆசிரியருக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு எதுவும் தேவையில்லை. வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைச் செலுத்த வேண்டும் என்ற கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கமாக ஏற்றது. திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று உழவர்கள் போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது.

விளைவு ஆலை முதலாளிகளோடு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடப்பட்டதால் பின்னலாடைத் தொழில் முழுவதும் தடுமாறியது, தொழிலாளர்கள் வேலையிழந்தனர். கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாற, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. ஆற்றில் விடப்பட்டதால் செலவில்லை என்று இருபதாண்டுகளாகக் கருதப்பட்ட கழிவு, ஒரே நாளில் தொழிலையே நிறுத்தும் செலவாக மாறியது. இந்த வரலாற்றை ஆண்டு வாரியான வரவு செலவுக் கணக்காகப் போட்டுப் பார்க்கும் பதின்பருவ மாணவருக்கு, நீடித்த தொழில் என்பது நல்லெண்ணத்தின் பெயர் இல்லை, தாமதமாக வந்து சேரும் கடன்சீட்டைத் தவிர்ப்பதன் பெயர் என்பது விளங்கும். திருப்பூர்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்தக் கடன்சீட்டு வீட்டுக்கே வந்தது.

ஆய்வுகள் சொல்வது

பள்ளியில் கற்ற தொழில்முனைவு பின்னாளில் பயன் தருகிறதா? விடை திட்டத்தை நடத்துவோர் விரும்பும் அளவுக்கு இனிப்பாக இல்லை. நெதர்லாந்தில் கல்லூரி மாணவர் சிறு நிறுவனங்களை நடத்திய பயிற்சியை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, பயிற்சிக்குப் பின் தொழில் தொடங்கும் விருப்பம் குறைந்ததைக் கண்டது. அதே நாட்டில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனை 2014இல் வெளியானது. தொழில் பற்றிய அறிவு கூடவில்லை, ஆனால் விடாமுயற்சி, தன்னம்பிக்கை, துணிவு போன்ற பண்புகள் வளர்ந்திருந்தன. ஸ்வீடனில் 1990களின் நடுவில் மேல்நிலைப் பள்ளியில் இத்தகைய பயிற்சி பெற்றவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வோ, அவர்கள் தொழில் தொடங்கும் வாய்ப்பும் வருமானமும் கூடியிருந்ததைக் காட்டியது; தொடங்கிய நிறுவனங்கள் நீடித்து நிற்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

விருப்பம் குறைவதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை. தொழிலின் இடரைப் பதினாறு வயதிலேயே கண்டு விலகும் மாணவர், முப்பது வயதில் குடும்பத்தின் நகையை அடகுவைத்துக் கற்றுக்கொள்வதைத் தவிர்த்துவிடுகிறார் என்றும் அதைப் படிக்கலாம். இந்தியச் சூழலுக்கு நெருக்கமான எச்சரிக்கை ருவாண்டாவிலிருந்து வருகிறது. தொழில்முனைவு கட்டாயப் பாடமாக உள்ள அந்நாட்டில், 207 மேல்நிலைப் பள்ளிகளில் நடந்த சோதனையில், ஆசிரியர்களுக்குச் செறிவான பயிற்சி தந்த பள்ளிகளின் மாணவர் சொந்தத் தொழிலில் இறங்குவது கூடியது; கூலி வேலைக்குப் போவது குறைந்தது; மொத்த வருமானமோ மாறவில்லை. ஒரு வேலையை விட்டு மற்றொன்றுக்கு மாறினர், அவ்வளவே. வேலையின்மைக்குத் தீர்வாகப் பள்ளித் தொழில்முனைவை முன்னிறுத்தும் அரசியல் மேடைகள் இந்த முடிவைப் படித்தாக வேண்டும். வேலை உருவாக்குவது அரசின் பொறுப்பு என்பதிலிருந்து வேலை கிடைக்காதது மாணவரின் முனைப்பின்மை என்பதற்குப் பேச்சு நழுவ இரண்டு மேடைகள் போதும்.

பெட்டிச் செய்தி: மாணவர் முதலாளியும் சட்டமும்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லாதவர். அவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1903இல் தீர்ப்பளித்தது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், மற்றப் பங்காளிகள் எல்லோரும் இசைந்தால் இளவரின் பெயரைக் கூட்டாண்மையின் பயன்களைப் பெற மட்டும் சேர்க்க இடமளிக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், 14 வயதுக்குக் குறைந்தவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தத் தடைவிதித்தாலும், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்குத் தருகிறது. அந்த விலக்கே குலத்தொழிலுக்குத் திறக்கும் பின்வாசல் என்று குழந்தை உரிமை அமைப்புகள் தொடர்ந்து கூறிவருகின்றன. பள்ளிக் குழு ஈட்டிய லாபம் பள்ளியின் கணக்கில் சேருமானால் வார்தாவில் கே.டி. ஷா எழுப்பிய கேள்வி மீண்டும் உயிர்பெறும்.

யார் கற்பிப்பது, எதற்கு மதிப்பெண்

போட்டிகளின் நடுவர் கேட்கும் கேள்வியே மாணவர் கற்கும் பாடமாகிவிடுகிறது. எத்தனை விற்கும், எவ்வளவு பெருகும் என்று மட்டும் கேட்கப்படும் இடத்தில், பாக்கு மட்டைத் தட்டும் துணிப்பையும் விளம்பர வாசகமாகவே வந்து நிற்கும். அவற்றின் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, எத்தனை முறை பயன்படுகிறது, பயன்பாடு முடிந்தபின் எங்கே போகிறது என்பதை எவரும் விசாரிப்பதில்லை. பசுமை என்ற சொல்லை ஒட்டிவிட்டால் பொருள் பசுமையாகிவிடும் என்று பெருநிறுவனங்கள் செய்யும் பாசாங்கைப் பிள்ளைகள் மிக விரைவில் கற்றுக்கொள்கின்றனர். அவர்களுடைய காட்சி அட்டைகளில் இலைப்படம் இல்லாதது அரிது.

மாற்றுவதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. செலவுத் தாளில் கூலியில்லா உழைப்புக்கு ஒரு வரி, கழிவுக்கு ஒரு வரி, தேய்மானத்துக்கு ஒரு வரி. இவற்றை நிரப்பாத கணக்கை நடுவர் ஏற்காதிருந்தால் போதும். ஒருநாள் சந்தைக்குப் பதிலாக ஒரு பருவம் முழுவதும் நடக்கும் பள்ளிக் கடை, குப்பையின் எடையையும் வரவையும் ஒரே நோட்டில் எழுதும் வழக்கம், நட்டமடைந்த குழுவும் தன் கணக்கை விளக்கி மதிப்புப் பெறும் வாய்ப்பு ஆகியவை அதைத் தொடர்ந்து வரலாம். இவற்றில் கடைசி ஒன்றே மிகக் கடினமானது. நட்டத்தைப் பரிசு மேடையில் ஏற்றத் தயாராக இருக்கும் தலைமையாசிரியர்கள் குறைவு.

ஆசிரியர் யார் என்ற சிக்கல் எஞ்சி நிற்கிறது. தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலில் தேய்மானத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆனால் அறிவியல் பிரிவில் சேர்ந்த மாணவர் அந்த நூலைத் திறப்பதில்லை, வணிகவியல் பிரிவில் சேர்ந்தவர் பத்தாம் வகுப்போடு வேதியியலை விட்டுவிடுவதால் சாயக்கழிவின் கூறுகளை மீண்டும் பார்ப்பதில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் வணிகவியல் ஆசிரியர் பணியிடமே கிடையாது; அங்கு இந்தப் பொறுப்பு அறிவியல் ஆசிரியர் மீதோ, சமூக அறிவியல் ஆசிரியர் மீதோ, சிலபோது உடற்கல்வி ஆசிரியர் மீதோ விழுகிறது. அவர்களுக்குத் தரப்படும் குறுகிய காலப் பயிற்சியில் அடக்க விலை போடுவதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே, அடுத்த கல்வியாண்டின் பள்ளிச் சந்தைகளில் கரும்பலகையில் எழுதப்படும் லாபம் 800 ரூபாயாக இருக்குமா, 200 ரூபாயாக இருக்குமா என்பது அமையும்.